அத்தை விதைத்த புல்

எங்கள் பக்கத்தில் புல் என்பது பிடுங்கி வரப்பில் எறிவதற்கு உரியது. அதையும் ஒருத்தி விதை போட்டு வளர்ப்பாள் என்பதை எங்கள் அத்தை செய்து காட்டும் வரை யாரும் நம்பவில்லை. எழுபதுகளின் கடைசி அது. நான் இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்தேன். வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையைப் பார்த்த மானாவாரிக் காடு எங்களுடையது.

அத்தை என் அப்பாவின் தங்கை. பாடாலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, தலை ஆடிக்கு அழைத்து வந்திருந்தோம். ஆவணி பிறந்தும் திரும்பிப் போகிற பேச்சையே அவள் எடுக்கவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளுடைய மாமனாரே பஸ் ஏறி வந்துவிட்டார். அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பாதான் சமாளித்தார்.

"விதைப்பு நேரம் மாமா, ஆளு பத்தல. அவளும் ஒரு துண்டு நெலத்துல பாடுபடட்டும். அந்த வெள்ளாம முடிஞ்சதும் நானே கொண்டாந்து வுட்டுடுறேன்."

நாலு பேர் முன்னால் கொடுத்த வார்த்தை. அப்பா அதை மனசாரத்தான் சொன்னார். தங்கை வாழாமல் வந்து வீட்டில் இருப்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

அத்தைக்குக் கிடைத்தது மேட்டில் கிடந்த சுக்கான் காடு. கம்பு போட்டாலும் கதிர் பிடிக்காத மண். அவள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய், ஆடுமாட்டுத் தீவனத்துக்கு ஆகும் கொழுக்கட்டைப் புல் விதை வாங்கி வந்தாள். பஞ்சு மாதிரி இருக்கும், மூச்சு விட்டால் பறந்துவிடும். அப்பா சிரித்துக்கொண்டே சோளத்துக்குச் செய்வதுபோல் தூவி, ஏரை ஆழ ஓட்டி மூடினார். நல்ல மழை பெய்தும் ஒரு முளை வரவில்லை. புல்கூட முளைக்காத கை என்று அக்கம்பக்கத்தில் அத்தையைத்தான் சொன்னார்கள். ஏர் ஓட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் மறுபடியும் போய் விவரம் கேட்டு வந்தாள். மீதி விதையை ஈரமண்ணோடு பிசிறி, காற்று அடங்கிய நேரம் பார்த்துத் தூவினாள். ஏர் வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு கருவேலங்கொப்பை மட்டும் மண்மேல் இலேசாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆழம் போனா மூச்சு முட்டிப் போயிடும்டி" என்றாள் என்னிடம்.

ஐப்பசி மழையில் மேடு பச்சை கட்டியது. விதை முற்றி உதிரும் வரை ஓர் ஆட்டைக்கூட அவள் உள்ளே விடவில்லை. தை பிறந்ததும்தான், அடிக்கட்டையை விட்டு மேலாக அறுத்தாள்.

மாமனார் வரப்போவதாகச் சேதி வந்த அன்று, அம்மா அத்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். பிறகு எண்ணெய்க் கையோடு வாசலுக்கு வந்து அப்பாவிடம், "முதுகெல்லாம் சூடு வச்ச தழும்புங்க. இத்தன நாளா மறைச்சிருக்கு" என்றாள். அன்று அப்பா சாப்பிடவில்லை. தழும்பு என்றால் ஆறிப்போன புண்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு துக்கம் என்று நான் விளையாடப் போய்விட்டேன்.

மாமனார் வந்ததும் நேரே கேட்டார். "வெள்ளாம முடிஞ்சிடுச்சா மாப்ள?"

"நீங்களே வந்து பாத்துடுங்க மாமா" என்று அப்பா அவரை மேட்டுக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அறுத்த கட்டைகளிலெல்லாம் புதுத் தழை எழும்பியிருந்தது.

"இன்னும் முடியலைங்க" என்றார் அப்பா.

"அதான் அறுத்துட்டீங்களே?"

"அறுத்தாலும் அடியிலேருந்து வருதுங்க. ஒருக்கா புடிச்சிட்டா வருசக்கணக்குல நிக்குமாம்."

"அப்ப எப்பத்தான் முடியும்?"

"எனக்கும் தெரியலீங்க மாமா."

அப்பா மரியாதையாகத்தான் சொன்னார். மாமனார் அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே ரோட்டுக்கு நடந்தார். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற அப்பாவால் முடியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து நடந்ததைச் சொன்னேன். அத்தை வைக்கோல் போருக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கூட்டிக்கொண்டு போகாமல் விட்டுவிட்டார்களே என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாத அத்தே, அந்தப் புல்லு சீக்கிரம் செத்துடும், நீ ஊருக்குப் போயிடலாம்" என்று ஆறுதல் சொன்னேன்.