சைபர் இரத்தம்

பேர்ணடெற்றுக்குத் தன் மச்சாள் றெஜினா மேல் இருந்த எரிச்சலுக்கு வயது பதினேழு. மகள் நிரோஷினி பிறந்த அன்று றெஜினா ஆஸ்பத்திரித் தொட்டிலை எட்டிப் பார்த்து, "உது எங்கட இரத்தம்" என்றாளே, அன்று பிடித்தது.

பிக்கரிங்கில் இருந்து அவள் காரில் வந்து இறங்கும் ஞாயிறுகளில் எல்லாம் அதே பாட்டு. "மூக்கு தம்பியின்ர. நடை என்ர. மூளை எங்கட ஐயாவின்ர." பத்து மாதம் சுமந்தவள், மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் மாறிப் பாண் சுடும் தொழிற்சாலைக்குப் போய் வளர்த்தவள், தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். கணவன் கஸ்பர், தன் அக்காவுக்கு முன்னால் வாயே திறக்கமாட்டார்.

இந்த முறை அவள் வந்தபோது நிரோஷினி கோயில் மண்டபத்தில் முதன்முறையாக இரத்ததானம் செய்திருந்தாள். இரத்த வகை போனில் வந்தது: ஏ. கஸ்பர் ஏபி. பேர்ணடெற் ஓ.

றெஜினாவுக்குச் சொல்லவும் வேண்டுமா? "பாத்தீரே, தம்பியின்ர ஏ! உம்மட ஓ எண்டால் சைபர், வெறும் பூச்சியம். சைபரைக் கூட்டினா என்ன வரும்?"

பேர்ணடெற் குசினிக்குள் போய் அழுதாள். பொறாமைதான், வேறென்ன? "மாதாவே, ஒரு எழுத்தெண்டாலும் என்ர வந்திருக்கக் கூடாதோ?"

பின்னால் வந்து நின்ற மகள் கேட்டுவிட்டாள்.

"அம்மா, லிசின். எல்லாருக்கும் ரெண்டு எழுத்து. ஒண்டு அம்மா தாறது, ஒண்டு அப்பா தாறது. அப்பாவிட்ட ஏயும் இருக்கு, பியும் இருக்கு. எனக்கு ஏ தந்தது சும்மா லக். உங்களிட்ட ரெண்டுமே ஓ. ஸோ, நீங்கள் தந்தது ஓதான், ஷுவர். ஏக்குப் பக்கத்தில நிண்டா ஓ வெளியில தெரியாது, அவ்வளவுதான்."

"தெரியாட்டியும் இருக்குதோ?"

"இருக்கு. நாளைக்கு என்ர பிள்ளைக்கும் போகலாம்."

பேர்ணடெற் மூக்கைச் சீறினாள். மகளின் கையைத் திருப்பி, ஊசி குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு இன்னொரு கோப்பை தேத்தண்ணியோடு வெளியே வந்தாள்.

றெஜினா இன்னும் விடவில்லை. "என்ன இருந்தாலும் பிள்ளை எங்கட இரத்தம். என்ன பேர்ணடெற்?"

"ஓஓஓம் மச்சாள்" என்று தலையாட்டினாள் அவள், முதல் எழுத்தை நன்றாக இழுத்து.

குசினி வாசலில் நின்ற நிரோஷினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.