செம்புச் சுருளுக்குள் ஒரு வெளிச்சம்

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நானும் அவரும் புதுச்சேரியில் ஒரே கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூட உதவி ஆசிரியர்கள். இனி அவரை அவன் என்றே எழுதப்போகிறேன். அந்த மரியாதையே அதிகம்.

காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றிச் செம்புச் சுருள். ரேடியோ ஒலிபரப்புக்கு வேண்டிய துடிப்பில் சுருளுக்குள் மின்சாரம் ஓடினால், எந்தக் கம்பியும் தொடாமலே குழாயில் மிச்சமிருக்கும் காற்று இளஞ்சிவப்பாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் பிளாஸ்மா. பற்றவைத்தது இருவரும். அளந்தது நான். உள்ளே மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்து மீட்டரில் கோத்தால், வெளிச்சம் வருமுன்பே முள் எகிறும். சுருளின் துடிப்பே மீட்டரை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடிக்க மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கம்பியின் வாயிலேயே குட்டிச் சுருள் ஒன்றை வைத்துத் துடிப்பை மறித்தேன். முள் அடங்கியது. அவன் கைதட்டினான், பாவி.

பிறகு பாரீசிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஆய்வுக்கு ஒரே ஒருவரை அழைத்துப் போவதாகப் பேச்சு. அளந்தவள் நீங்கள்தான், நீங்களே போங்கள் என்று அவன்தான் என்னை உசுப்பிவிட்டான். எனக்குப் பிரெஞ்சு வராது, கடலூர்ப் பக்கத்து இங்கிலீஷ் படிப்பு. அவன் வீட்டில் சோறு கேட்பதே பிரெஞ்சில். அவனே மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு.

பேராசிரியர் குடைந்து குடைந்து கேட்டார். முள் பிளாஸ்மாவைத்தான் அளக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? குழாய்க்குள் காற்றைத் திறந்துவிட்டேன். வெளிச்சம் அணைந்தது, சுருள் துடித்துக்கொண்டுதான் இருந்தது, முள் பூஜ்யத்தில் விழுந்து அசையாமல் கிடந்தது. காரணத்தைத் தமிழில் மூச்சுவிடாமல் சொன்னேன். அவன் பிரெஞ்சில் சொன்னான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கிளம்பும்போது பேராசிரியர் என்னிடம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பேசினார். ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறாயே, இப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் உனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றார். அப்போதுதான் விளங்கியது. பேராசிரியர் கேட்டதை அவன் என்னிடம் தமிழில் கேட்ட ஒவ்வொரு முறையும், தான் நடத்திய பாடத்தை மாணவியிடம் சோதிப்பதாக அவருக்குக் காட்டியிருக்கிறான். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்.

வாசலில் மறித்தேன். "நான் உங்ககிட்ட படிச்சவளா?"

சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னான். "உங்க வீட்ல பொம்பளப் புள்ளைய தனியா கப்பல்ல அனுப்பவா போறாங்க? வந்த எடம் வீணாப் போயிடக் கூடாதுன்னுதான்."

முந்தின வாரம்தான் அப்பா என்னைத் தையற்கடைக்கு அழைத்துப் போய், பாரீஸ் குளிருக்கென்று கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுக்க வைத்திருந்தார்.