ஒரே வெள்ளியில் அத்தனை சங்கிலிகள்

எங்கள் அம்மா செய்யும் சங்கிலியில் எப்போதும் ஒரு குறை இருக்கும். அதைக் கண்டுபிடிப்பவளும் அம்மாதான். வேறு யார் கண்ணுக்கும் அது தெரிந்ததில்லை. தெரிவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை என்பதும் உண்மை.

மலாயாவின் ஜோகூரில், பெக்கான் நானாஸ் போகும் சாலையில் தன்னந்தனியாக நின்றது எங்கள் வீடு. அப்பா சாலை வேலையாட்களை மேய்க்கும் மண்டோர், அதாவது மேஸ்திரி. மழையில் கரைந்த சாலையைச் செப்பனிடுவதும், செப்பனிட்ட சாலை மறுபடி கரைவதுமாக அவருக்கு வேலை ஓயவே ஓயாது. விடியலில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். சுற்றிலும் அன்னாசிக் காடு. விளையாடலாம் என்று இறங்கினால் முள் கிழிக்கும், இல்லாவிட்டால் சேறு இழுக்கும். மலாய்க்காரர்களின் கம்பம், அவர்கள் கிராமம், வெகுதூரம் தள்ளி இருந்தது. தமிழ்ப் பேச்சு காதில் விழவேண்டுமென்றால் நானும் அம்மாவும் பேசிக்கொண்டால்தான் உண்டு. அம்மாவோ அதிகம் பேசமாட்டாள். அந்தப் பகல்கள் எனக்குத் தாங்கமுடியாமல் நீளமாக இருந்தன.

அம்மா நகை செய்யும் பத்தர் வீட்டுப் பெண். அப்பாவும் அதே குலம்தான், ஆனால் சுத்தியலை எடுத்தால் தன் கட்டைவிரலைத்தான் தட்டுவார். அதனாலேயே கப்பலேறி வந்து ரோட்டு வேலையில் சேர்ந்துவிட்டார். எங்கள் ஆட்களில் பெண்கள் பட்டறையில் உட்காரக்கூடாது. ஊதுகுழலைத் தொட்டாலே குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். தன் அப்பாவும் அண்ணன்மாரும் வேலை செய்வதைக் கதவோரமாக நின்று பார்த்தே அம்மா எல்லாம் கற்றிருந்தாள். ஜோகூருக்கு வந்த பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டாளாம். "செஞ்சிட்டுப் போயேன். இந்தக் காட்டுல யாரு பாக்கப்போறா?" என்றாராம் அப்பா.

வீட்டில் வெள்ளி என்று இருந்தது அம்மாவின் கல்யாணத் தண்டைகள் மட்டுமே. அவற்றை உருக்கித்தான் சங்கிலி செய்தாள். குழிவாகக் குடைந்த கரித்துண்டில் வெள்ளியை வைத்து, வெங்காரம் தூவி, ஊதுகுழலால் ஊதுவாள். வெள்ளி முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு சட்டென்று இளகி, ஒன்றாகத் திரண்டு பளபளக்கும். ஆறியதும் ஒரு தண்டவாளத் துண்டின்மேல் வைத்துத் தட்டுவாள். இறுகிப்போனால் மறுபடி காய்ச்சித் தட்டுவாள். ஓட்டை ஓட்டையாகத் துளைத்த இரும்புத் தகட்டில் பெரிய ஓட்டையிலிருந்து சின்ன ஓட்டைக்கு மாற்றி மாற்றி இழுத்துக் கம்பியாக்குவாள். அந்தக் கம்பியைக் குடைக்கம்பியில் சுற்றி வெட்டினால் வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்றைக் கோர்த்து, வாயோரங்களில் பொடி வைத்து ஊதி ஒட்டுவாள். கடைசியில் புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்தால் சங்கிலி வெள்ளைவெளேரென்று வந்துவிடும்.

"எனக்குப் போட்டு விடும்மா" என்று கழுத்தை நீட்டுவேன். அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "இந்த வளையம் கோணலா இருக்குடி." அவ்வளவுதான், மறுநாள் சங்கிலி கரித்துண்டுக்குள் போய்விடும். எத்தனையோ சங்கிலிகள் இப்படிப் பிறந்து என் கழுத்துக்கு வராமலே உருகின. அம்மாவுக்கு என்மேல் பிரியமில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

சிகாமட்டிலிருந்து அத்தை வருவதாகச் சொல்லி அனுப்பியபோது நான் அழுது அடம்பிடித்தேன். அத்தை அப்பாவின் அக்கா; எங்கள் வீட்டுக்கு வரும் ஒரே விருந்தாளி. அவர் முன்னால் நான் வெறுங்கழுத்தோடு நிற்பதா? அம்மா இரங்கினாள். அப்போது செய்து முடித்திருந்த சங்கிலியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது சரியா வந்திருக்கு" என்று என் கழுத்தில் போட்டாள். கருவிகளையெல்லாம் விறகுக்கு அடியில் ஒளித்தாள்.

அத்தை வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, சங்கிலியைத்தான் பார்த்தார். கழற்றி, நகத்தால் நெருடி, கண்ணருகே கொண்டுபோனார். "பொடி வச்ச எடமே தெரியலயே தம்பி. எந்தப் பத்தரு செஞ்சது?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஜோகூர் பாருல ஒரு கடையில வாங்கினேங்க்கா."

"எம்மவளுக்குத் தை மாசம் கல்யாணம். இந்த மாதிரி வேல எங்கயும் கெடைக்கல" என்று அத்தை இழுத்தார். கடையில் வாங்கியது என்று சொன்னவர் இன்னொன்று வாங்கமுடியாது என்று எப்படிச் சொல்வார்? "எடுத்துக்கிட்டுப் போங்கக்கா" என்றார் அப்பா.

நான் வீறிட்டு அழுதேன். அம்மா அழவில்லை. சங்கிலியை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை. "கொக்கிய இழுத்துடாதீங்க அண்ணி. லேசா அழுத்தினாப் போதும், தானே தெறந்துக்கும்."

"கடைக்காரன் சொன்னானா?"

"ஆமாங்க அண்ணி."

அப்பாவுக்கு உறுத்தியிருக்கவேண்டும். அடுத்த வாரமே எனக்குச் சிவப்புப் பாசிமணி மாலை ஒன்று வாங்கிவந்தார். நான் அதைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். இதை யாரும் உருக்கமுடியாது! என்னைப் பொறுத்தவரை எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் அடுப்படியில் பழைய சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா கருவிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, கன்னம் உப்ப ஊதுகுழலை ஊதிக்கொண்டிருந்தாள். கரித்துண்டின் குழி செக்கச்செவேலென்று கனன்றது. குனிந்து பார்த்தேன். பாவம், மறந்துவிட்டாள்.

"அம்மா, உள்ள ஒண்ணுமே இல்லம்மா."

"தெரியும்டி" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி ஊதினாள்.

பாசிமணி மாலைதான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஊதுகிறாள் என்று நினைத்தபடி நான் வெளியே விளையாடப் போனேன்.