நாற்பத்தெட்டு மனையில் ஒரு வீடு

முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையிலிருந்து பிரிந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போனால், முந்திரித் தோப்பை அழித்துப் போட்ட மனைப்பிரிவு ஒன்று இருக்கிறது. மொத்தம் நாற்பத்தெட்டு மனைகள். நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் செக்‌ஷனில் ஒன்றாக வேலை பார்த்த ஐந்து பேர் அங்கே அடுத்தடுத்து மனை வாங்கினார்கள். ரிட்டையர் ஆனால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குப் பிறகும் ஒரே பிளாக்கில் இருப்பது போல இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

வீடு கட்டியவர் நூருல்லா மட்டும்தான். மற்ற நால்வரில் ஒருவர் மகனோடு சென்னைக்குப் போனார். ஒருவர் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பினார். ஒருவர் மனையை விற்றார். ஒருவர் ரிட்டையர் ஆவதற்கு முன்பே நெஞ்சுவலியில் இறந்துபோனார். மீதி மனைகளை வாங்கியவர்கள் விலை ஏறட்டும் என்று கல் நட்டுவிட்டுப் போனவர்கள்.

அவர் மனைவி ஜான் பீவிக்கு அந்த இடம் ஒருநாளும் ஒட்டவில்லை. குவார்ட்டர்ஸில் இருந்தவரை அடுப்படி ஜன்னல் வழியாகவே எதிர்வீட்டோடு பேசிப் பழகியவள். “இங்க கத்துனாக்கூட யாருக்குக் கேக்கும்?” என்பாள். “வருவாங்க, ஒவ்வொருத்தரா வருவாங்க” என்பார் நூருல்லா. கொரோனாவின் இரண்டாவது அலையில் அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த சிலரும் முகக்கவசத்தைக் கழற்றாமலேயே நின்று, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் காலையில் ஊர் டீக்கடைக்கு நடந்து போவார். டீ வீட்டிலேயே போடத் தெரியும். அங்கே நாலு குரல் கேட்கும் என்று போவார். ஆம்பூரில் கட்டிக்கொடுத்த மகள் ஹுமா மாலையில் போன் செய்வாள். “சாப்பிட்டீங்களா அத்தா? மாத்திரை போட்டீங்களா?” இரண்டு கேள்விக்கும் ஆமாம் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அதனால் சில நாட்களில் மாத்திரை போட்டிருந்தாலும் இன்னும் போடவில்லை என்பார். அவள் திட்டுவாள். இரண்டு நிமிடம் கூடும்.

ஊராட்சி இடைத்தேர்தலின்போது ஒன்பதாவது வார்டுக்கு யாரும் நிற்க முன்வரவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் அவரைக் கேட்டார்கள், நின்றார். போட்டியில்லாமல் உறுப்பினர் ஆனார். ஊரில் அவருக்கு ‘மெம்பர் பாய்’ என்று பெயர் வந்தது.

2023 ஆவணியில் அந்தச் செய்தி வந்தது. அவர் வேலிக்குக் கிழக்கே இருக்கும் ஆறு ஏக்கர் நிலத்தில் அறுபத்திரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு வரப்போகிறது. அதற்கு ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டுத் தர வேண்டும். கட்டுகிறவர்களின் ஆள் ராஜ்மோகன் நூருல்லாவின் வீடு தேடி வந்து, வரைபடத்தை விரித்துக் காட்டினான்.

“முப்பதடி ரோடு நேரா உங்க வாசலுக்கு வந்து சேருது பாய். தெருவிளக்கு, பார்க்கு எல்லாம் இருக்கு. இனிமே நீங்க தனியா கெடக்க வேணாம்.”

நூருல்லா வரைபடத்தில் தன் வீட்டுக்கு எதிரே இருந்த கட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். அன்று மாலை ஹுமாவிடம் அவர்தான் அதிகம் பேசினார். அறுபத்திரண்டு வீடு என்றால் குறைந்தது இருநூறு பேர். பள்ளிக்கூட வேன் உள்ளே வந்து போகும். காய்கறிக்காரன் வருவான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கணவனும் மனைவியும் இடம் பார்க்க வந்தார்கள். மனைவியின் பெயர் சங்கீதா, பண்ருட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. தண்ணீர் கேட்டு வந்தவர்களை நூருல்லா உள்ளே உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தார். எதிரே வரப்போகும் முதல் வீட்டைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள். குழந்தை டீப்பாயைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அவரைப் பார்த்துச் சிரித்தது.

போகும்போது சங்கீதா தன் போன் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். “மழைக்காலத்துல இங்க எப்படிங்க இருக்கும்? தண்ணி நிக்குமா?”

அவர் குழந்தையைப் பார்த்தார். “கொஞ்சம் சேறு இருக்கும்மா. வேற ஒண்ணும் இல்ல.”

அது பொய். கிழக்கே கிடக்கும் அந்த நிலம் பள்ளம். மேட்டுப் புன்செய்க் கொல்லைகளில் விழுகிற மழை எல்லாம் அந்த வழியாகத்தான் ஏரிக்குப் போகும். பெரிய மழை வந்த இரண்டு வருடங்களிலும் அங்கே தொடையளவு தண்ணீர் நின்றதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். முப்பத்தொரு வருடம் சுரங்கத்தின் அடியில் ஊறுகிற தண்ணீரை இறைத்தவர் அவர். தண்ணீர் எங்கே போகும், எங்கே நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரிந்தேதான் சொன்னார். அந்தக் குழந்தை எதிர்வீட்டில் வளர வேண்டும் என்ற ஆசையில் சொன்னார். அதன் பிறகு நான்கு நாட்கள் டீக்கடைக்குப் போகவில்லை. பள்ளத்தில் இறங்கி, நீர் அரித்துப் போன தடத்தின் வழியே நடந்தார். எதிரே வரப்போகும் அந்த வீட்டின் இடம் தடத்துக்கு நடுவில் இருந்தது.

மன்றக் கூட்டம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. தலைவர் திலகவதி தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார். சாலையும் பூங்காவும் ஊராட்சிக்கு வரும், வீட்டு வரி வரும், ஊருக்குத் தார் ரோடு கிடைக்கும். எல்லோருக்கும் சம்மதம். செயலர் கையெழுத்துப் புத்தகத்தை நகர்த்தும்போது நூருல்லா எழுந்தார்.

“அந்த எடத்துல தண்ணி நிக்கும். வீடு கட்டக் கூடாது.”

நிலத்துக்காரரின் பங்காளி குமரவேலும் ஓர் உறுப்பினர். அவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா பாய் இது? போன வாரம்தான் வூடு வரப்போவுதுன்னு டீக்கடையில சொல்லிகினு இருந்தீங்க.”

“சொன்னேன். தப்பு. தெரிஞ்சே மறைச்சேன்.”

“மண்ணு கொட்டி மேடாக்குவாங்க.”

“மேடாக்குனா தண்ணி நிக்காது, சரி. ஆனா எங்க போவும்? நம்ம ஊருக்குள்ள திரும்பும்.”

குமரவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. “பக்கத்துல நாலு பேரு வர்றது உங்களுக்குப் புடிக்கல. அவ்ளோ பெரிய எடத்துல ராஜா மாதிரி தனியா இருந்து பழகிட்டீங்க. அதை நேரா சொல்லுங்க.”

அறையில் சிலர் சிரித்தார்கள். நூருல்லா உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“குமரவேலு, இந்த ஊர்ல அந்த வூடுங்க வரணும்னு என்னை விட ஆசைப்பட்டவன் யாரும் இல்ல. சாயங்காலம் ஆனா எங்க வாசல்ல நின்னு பாருங்க. எந்தப் பக்கமும் ஒரு லைட்டு தெரியாது. என் பொண்டாட்டி அதைப் பாத்துப் பாத்தே செத்தா. அதுக்காக ஒரு பச்சப்புள்ளயக் கொண்டாந்து தண்ணியில வெக்கச் சொல்றீங்களா?”

திலகவதி மெதுவாகச் சொன்னார். “நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா எல்லாரும் ஒத்துக்கினு இருக்கும்போது நான் ஒருத்தி இன்னா பண்ண முடியும்?”

“நான் சொன்னதை மட்டும் அப்படியே எழுதச் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம்.”

எட்டுப் பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. தீர்மானம் நிறைவேறியது. செயலர் அவருடைய எதிர்ப்பையும் காரணத்தையும் எட்டு வரியில் எழுதினார்.

வீட்டுக்கு வந்து சங்கீதாவின் எண்ணுக்குப் போன் செய்தார். “அன்னைக்கு நான் சொன்னது பொய்யும்மா. அங்க தண்ணி நிக்கும். வாங்காதீங்க.” “சரிங்க” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். ஏன் முதலில் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கேட்பாள், சொல்லலாம் என்று நினைத்திருந்தார்.

கோப்பு கடலூருக்குப் போனது. அங்கே யாரோ ஓர் அதிகாரி அந்த எட்டு வரியைப் படித்திருக்க வேண்டும். தை மாதம் இரண்டு பேர் அளவுக் கருவியோடு வந்து பள்ளத்தை அளந்தார்கள். நீர்வழியை விட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. அப்படிக் கட்டினால் பாதி வீடுகள் போய்விடும். கட்டுகிறவர்கள் அந்த இடத்தைக் கைவிட்டு, மெயின் ரோட்டுப் பக்கம் மேட்டில் வேறு நிலம் பார்த்துக்கொண்டார்கள். அது பக்கத்து ஊராட்சி.

கையில் வந்தது போய்விட்டது என்று ஊரில் வருத்தம். டீக்கடையில் யாரும் அவரிடம் சண்டை போடவில்லை. அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போகும். சில நேரம் பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து நடப்பார்.

அடுத்து வந்த கார்த்திகையில் புயல் மழை கொட்டியது. பள்ளம் ஏரி போல நிரம்பியது. நூருல்லாவின் வீட்டுக்குள்ளும் கணுக்காலளவு வந்தது. திலகவதி டிராக்டர் அனுப்பி அவரை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார். தாழ்வான வீட்டுக்காரர்கள் முந்நூறு பேர் அங்கே இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு அறையில் அவருக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் பாய் விரித்திருந்தது குமரவேலின் குடும்பம். அவர்கள் வீட்டுச் சுவர் நனைந்து சரிந்திருந்தது.

குமரவேல் முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, “சாப்புடுங்க பாய்” என்றார். கொஞ்சம் கழித்து, “அந்த அறுபத்திரெண்டு வூடும் வந்திருந்தா…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் சோற்றைப் பிசைந்தார். நூருல்லா தட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

மூன்று நாட்கள் அவர் நன்றாகச் சாப்பிட்டார். குழந்தைகள் அழுதன, பெண்கள் துணி காயவைக்க இடத்துக்குச் சண்டை போட்டார்கள், யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை சத்தத்துக்கு நடுவே அவருக்கு மதியத்தில்கூடக் கண் அயர்ந்தது. வீடு இழந்தவர்கள் மத்தியில் இப்படி நிம்மதியாக இருப்பது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. ஹுமா போனில், “கஷ்டமா இருக்கா அத்தா? இங்க வந்துடுங்களேன்” என்றாள். “கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா” என்று சொன்னார், உண்மையாகவே.

நான்காம் நாள் வெயில் அடித்தது. ஒவ்வொரு குடும்பமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. குமரவேல் வாசலில் நின்று, “வரேன் பாய்” என்று சொல்லிவிட்டுப் போனார். நூருல்லா அவசரப்படவில்லை. துப்புரவு வேலைக்காரப் பெண்ணோடு சேர்ந்து பெஞ்சுகளைப் பழைய இடத்தில் போட்டார், கரும்பலகையைத் துடைத்தார். செயலர் பூட்டும் சாவியுமாக வந்து காத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வழியில் இன்னும் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருந்தது. அடி ஒவ்வொன்றையும் ஊன்றிப் பார்த்து, மெதுவாக நடந்தார்.