பேத்தி ஆடிய எறிபந்து

2009-ல் சிதம்பரத்தில் எங்களோடு இருந்த பேத்திக்குப் பதினான்கு வயது. உடம்பு அசையட்டும் என்று தினமும் இருநூறு முறை கயிறு தாண்டச் சொல்வேன். விருந்தாளிகள் முன்னாலும் சத்தமாக எண்ணுவேன். ஒருநாள் நாற்பத்தொன்றில் கயிற்றைப் போட்டவள் பிறகு தொடவில்லை.

கடலூரில் பள்ளிகளுக்கான எறிபந்துப் போட்டியில் அவள் ஆடுவதைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அறிந்தேன். சொல்லாமல் பஸ் ஏறினேன். வேலியோரம் என்னைப் பார்த்ததும் பந்தைத் தவறவிட்டாள். இடைவேளையில் கிட்டே வந்தாள்.

"ஏன் தாத்தா வந்தீங்க? நீங்க நின்னா எனக்குக் கையே ஓடாது. போயிடுங்க."

"சும்மா பாக்கத்தாம்மா வந்தேன்."

"வாய் அசையுதே தாத்தா."

உண்மைதான். அவள் தவறவிட்ட பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னால் விசில் ஒலித்தது. அவள் சொன்னது சரிதான் என்பதால் வருத்தம்கூட வரவில்லை. ஜெயித்தார்களா என்று இன்றுவரை கேட்கவில்லை. அவள் ஆட்டத்தை விடவில்லை என்று மட்டும் தெரியும்.