கிட்டைச் சந்தேகப்பட்டோம், அக்காவை இல்லை

வசந்தி அக்கா போயிட்டாங்க.

காலையில லேப் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ்... "உடல்நலக் குறைவால்"னு போட்டிருந்தாங்க. அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

மதுரையில ஒரு ரிசர்ச் லேப்ல நாங்க ரெண்டு பேரும் டெக்னீஷியன். மார்பகப் புற்றுநோய் வந்தவங்க ரத்தத்துல சைட்டோகைன் எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற வேலை. உடம்புக்குள்ள அழற்சி இருந்தா ஏறுற புரதம் அது. ரொம்ப ஏறியிருந்தா நோயோட போக்கு சரியில்லன்னு டாக்டர்கள் கவலைப்படுவாங்க.

அதுக்கான புது டெஸ்ட் கிட் வந்தா முதல்ல நோயில்லாத ஒருத்தர் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்போம். எங்கள்ல யாராவதுதான் கொடுக்கணும், எல்லாரும் நழுவப் பார்ப்போம்... அன்னிக்கு அக்கா தானா வந்து கையை நீட்டினாங்க.

"என்னோடத எடுடி. எனக்கென்ன நோயா நொடியா."

ரிசல்ட் பார்த்தா அக்காவோடது நோயாளிகளுக்கும் மேல நிக்குது.

எல்லாத்தையும் சந்தேகப்பட்டோம். கிட், ஃப்ரிட்ஜ், நடுவுல போன கரண்ட், கொண்டுவந்த கூரியர்காரர் வரைக்கும்... மறுபடி ஓட்டினாலும் அதேதான்.

"பல்லு வீங்கியிருக்குடி, அதான் இம்புட்டு ஏறியிருக்கு"ன்னாங்க அக்கா. பல் வீங்கினாலும் ஏறும்தான். ஆனா அன்னிக்கு மத்தியானம், மக நிச்சயதார்த்தத்து முறுக்கை அக்கா கடக்கு முடக்குன்னு கடிச்சதை நான் பார்த்தேன்.

கிட்டைத் திருப்பி அனுப்பிட்டோம்.

கொஞ்ச நாள்ல அக்கா வேலையை விட்டுட்டாங்க. அப்புறம் ஒருநாள் தல்லாகுளம் பஸ் ஸ்டாப்புல பார்த்தேன். தலையில முக்காடு.

"அழகர்கோவில்ல மொட்டை போட்டேன்டி. மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சதுல்ல, வேண்டுதல்."

சரி... அங்க புருவத்தையுமா எடுப்பாங்க? கேட்க வாயெடுக்குறதுக்குள்ள "பஸ் வந்துருச்சு, வாரேன்"னு ஏறிட்டாங்க. அது அவங்க வீட்டுப் பக்கம் போற பஸ்ஸே இல்லை.

இன்னிக்கு வண்டியூர்ல அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் வாசல்லயே உட்கார்ந்திருந்தார்.

"நிச்சயத்துக்கு முந்தியே மார்புல கட்டி இருந்துருக்கும்மா. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் நின்னுரும்னு, கல்யாணம் முடியிற வரைக்கும் எங்கிட்டக்கூட வாயத் தெறக்கல."

உள்ள போய் அக்கா முகத்தைப் பார்த்தேன்.

அப்போ அன்னிக்குக் கையை நீட்டினது எங்க கிட்டுக்காகவா, உங்களுக்காகவாக்கா?

நாங்க ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்த்துட்டிருந்தப்ப, பக்கத்துலயே நின்னு சிரிச்சுட்டிருந்தீங்களே...

கோவமா வருதுக்கா. என்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா யாருக்கும் தெரியாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேனே.

போங்கக்கா... இனிமேலாவது வலியில்லாம தூங்குங்க.