பூச்சியம் முதல் நான்கு வரை

என் கணவர் சுவிஸில், ஷ்லீரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தபோது ஏணியிலிருந்து விழுந்தார். தலையில் அடி. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒரு சொல், இரண்டு சொல்லாகச் சுருங்கிப்போனது. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, வாயில் சோறு தீத்துவது எல்லாம் நான்தான். கிழமைக்கு இரண்டு காலைப்பொழுது உதவிக்கு ஓர் ஆள் கேட்டேன். ஆள் வரவில்லை. என் சுமையை அளக்கவேண்டும் என்று மருத்துவமனைக்குக் கூப்பிட்டார்கள்.

அளக்க இருந்தவள் படித்தவள். என் கணவரைச் சக்கர நாற்காலியோடு என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படிவத்தைத் திறந்தாள். மொழிபெயர்க்க வந்தவரோ கோயிலில் ஒவ்வொரு வெள்ளியும் நான் காண்கிற அண்ணை.

"மனுசனால உங்களுக்கு வெக்கமா இருக்கோ எண்டு கேக்கிறா, தங்கச்சி. ஒருக்காலும் இல்லையெண்டால் பூச்சியம், எப்பவும் எண்டால் நாலு."

"பூச்சியம்."

"அவரில கோபம் வாறதோ?"

"பூச்சியம்."

கட்டியவரின் முகத்துக்கு முன்னால், கோயில்காரர் கேட்டுக்கொண்டிருக்க, ஒருத்தி வேறு என்ன சொல்வாள்? இதை யோசிக்கத் தெரியாதவர்கள்தான் சுமையை அளக்கிறார்கள்.

"உங்களுக்கெண்டு நேரமே இல்லையெண்டு நினைக்கிறியளோ?"

"இல்லை அண்ணை. பூச்சியம் போடச் சொல்லுங்கோ."

"பொய்," என்றார் என் கணவர்.

விழுந்த பிறகு அவர் ஒரு சொல்லை இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணை அதை ஜெர்மனில் சொன்னார். அவள் அன்பாகச் சிரித்து, நோயாளியின் பதிலை எழுதப் படிவத்தில் இடமில்லை என்றாள். பூச்சியத்தையே போட்டாள். எனக்கு அழுகை வந்தது. அதற்கும் இடமில்லை.

சுமை குறைவு, உதவி தேவையில்லை என்று கடிதம் வந்தது. நான் விடவில்லை. மறுபடி நேரம் வாங்கி, பக்கத்து வீட்டாரைக் கெஞ்சி அவரை ஒருமுறை அவர்களிடம் விட்டுவிட்டுத் தனியே போய், என் அரைகுறை ஜெர்மனில் எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். இப்போது சுமை மிக அதிகமாம். கூடவே ஓர் அழைப்பு: பராமரிப்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, செவ்வாய் முற்பகல், மூன்று மணித்தியாலம். அந்த நேரம் அவரை யார் பார்ப்பார் என்று அளந்தவளிடம் தொலைபேசியில் கேட்டேன். அது தன் பகுதிக்குரிய விடயமல்ல என்றாள்.

கடைசியில் எங்கள் குடும்ப வைத்தியர் இரண்டு வரி எழுதிக்கொடுத்தார். அளவெடுத்த தாள்கள் செய்யாததை அந்த இரண்டு வரி செய்தது. கிழமைக்கு ஒரு காலை ஆள் வந்தது. முதல் நாள் அந்தப் பெண் அவரைக் குளிப்பாட்ட, நான் ஸ்டேசனடியில் போய் இருந்து கோப்பி குடித்தேன். எழும்ப மனம் வரவில்லை. இன்னொன்று வாங்கினேன்.